பிறர் மனத்தை ஊகிக்கக் கற்றுக்கொடுத்தல்: ஆட்டிச நிலைக் குழந்தையுடன் எங்கே தொடங்கி எப்படி நகர்வது

எட்டு வயதுப் பையன் ஒருவன் முழங்காலில் ரத்தம் காய்ந்து ஒட்டிய நிலையில் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தான். கால்சட்டை மறைத்திருந்ததால் குளிக்க வைக்கும்போதுதான் அம்மா பார்த்தார். "விழுந்ததை ஏன் சொல்லவில்லை?" என்று அவர் கேட்க, பையன் விழித்தான். தனக்குத் தெரிந்த ஒன்று அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கும் என்ற எண்ணமே அவனுக்கு எழவில்லை. இத்தனைக்கும் முகபாவ அட்டைகள் இருபதையும் தவறில்லாமல் சொல்லக்கூடியவன் அவன். சிரிப்பு, அழுகை, கோபம், வியப்பு எல்லாம் அத்துபடி.

புதிதாக இந்தப் பயிற்சியில் இறங்கும் ஏறக்குறைய எல்லோரும் அந்த அட்டைகளில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி ஒரு வருடத்தை வீணடித்தேன். முகம் பின்னால் வர வேண்டிய பாடம். யார் எதை விரும்புகிறார், யார் எதைப் பார்த்தார், அதனால் யாருக்கு எது தெரியும் என்பவை அதற்கு முன்னால் வர வேண்டும். வரிசை தவறினால் குழந்தை பெயர்களை மனப்பாடம் செய்யுமே தவிர, மனிதர்களைப் புரிந்துகொள்ளாது.

கீழே உள்ள படிகள், சொல்லாலோ படத்தாலோ தன் தேவையைத் தெரிவிக்கக்கூடிய குழந்தைக்கானவை. வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பன்னிரண்டு வயதில் ஐந்தாம் படியில் நிற்பவர்களும் உண்டு.

1. தொடங்கும் முன் வேண்டியவை

முதலில் காது. கேட்கும் திறனைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். குரலின் ஏற்ற இறக்கமே சரியாக விழாத குழந்தைக்கு மாதக்கணக்கில் பாடம் நடத்தித் தோற்றுப்போன குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

அடுத்தது உடல். தூக்கமின்மை, பல்வலி, மலச்சிக்கல், தாங்க முடியாத சத்தம் அல்லது வெளிச்சம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அதை முதலில் கவனியுங்கள். தன் உடலோடு போராடிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அடுத்தவர் மனத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மூன்றாவது மொழி. வாயால் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. பட அட்டையோ டேப்லெட்டோ போதும். ஆனால் குழந்தையின் அட்டைத் தொகுப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பொருள்களும் செயல்களும்தான் இருக்கும். "தெரியும்", "தெரியாது", "நினைக்கிறேன்", "மறந்துவிட்டேன்" ஆகிய நான்கையும் இன்றே சேர்த்துவிடுங்கள். சொல் இல்லாத இடத்தில் எண்ணத்தைத் தேடச் சொல்வது நியாயமில்லை.

பொருள்கள் எளியவைதான். மூடியுள்ள இரண்டு பெட்டிகள், இரண்டு சிறிய பொம்மைகள், வெள்ளைத்தாள், இரண்டு நிறப் பேனாக்கள், மேக வடிவில் வெட்டிய சில அட்டைகள். சித்திரக்கதைகளில் தலைக்கு மேல் வருமே, அந்த மேகம். இதை இனி நினைப்பு மேகம் என்று சொல்கிறேன்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அரை மணி நேரம் உட்காரவைத்தால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்து விடையை மோப்பம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

கடைசியாக, உங்கள் மனத்திலிருந்து ஒரு எண்ணத்தை எடுத்தெறிய வேண்டும்: "இவனுக்கு இரக்கமே கிடையாது." அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது ஒரு திறன். அடுத்தவர் வருந்தும்போது நமக்கும் மனம் கனப்பது வேறு ஒன்று. ஆட்டிச நிலையில் இருப்பவர்களுக்குச் சிரமம் தருவது பெரும்பாலும் முதலாவது. தங்கை அழுதால் காதைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு ஓடும் பையனைக் கல்நெஞ்சன் என்பார்கள். அந்த அழுகையின் பாரம் தாங்காமல் அவன் ஓடியிருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், திறனைக் கற்றுக்கொடுப்பதற்குப் பதில் குணத்தைத் திருத்தப் புறப்பட்டுவிடுவீர்கள்.

2. உங்கள் தமிழைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

"நினைக்கிறேன்", "நினைக்கிறாள்" என்று சொல்லும்போது யார் நினைப்பது என்பது வினையின் விகுதியிலேயே தெரிந்துவிடும். "தெரியும்", "பிடிக்கும்", "வேண்டும்", "புரியும்" ஆகியவை அப்படியில்லை. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். வினை மாறுவதே இல்லை. பேச்சில் நாம் "எனக்கு", "உனக்கு" என்பதையும் விழுங்கிவிடுகிறோம். "தெரியுமா?" "தெரியாது." யாருக்கு? நமக்குச் சூழலே சொல்லிவிடும். சூழலிலிருந்து ஆளைக் கண்டுபிடிப்பதுதானே இந்தக் குழந்தையின் சிக்கல்?

ஆகவே பயிற்சிக் காலம் முழுவதும் ஆளைச் சொல்லாமல் இந்த வினைகளைப் பயன்படுத்தாதீர்கள். "அக்காவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்." செயற்கையாக ஒலிக்கும், பரவாயில்லை.

இன்னொரு வலை "தெரியவில்லை". கண்ணுக்குப் படவில்லை என்பதற்கும் அதுதான், அறிந்திருக்கவில்லை என்பதற்கும் அதுதான். ஆறாம் படியிலும் ஏழாம் படியிலும் இது குட்டையைக் குழப்பும். கண்ணால் கண்டதற்குப் "பார்த்தாள், பார்க்கவில்லை" என்றும், அறிவதற்குத் "தெரியும், தெரியாது" என்றும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே கடைப்பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

தமிழ் நமக்குச் செய்யும் ஓர் உதவியும் உண்டு. "'பந்து பெட்டியில் இருக்கிறது' என்று நினைக்கிறாள்" என்னும் வாக்கியத்தில் நினைப்பு அப்படியே முழு வாக்கியமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்து நினைப்பு மேகத்துக்குள் எழுதிவிடலாம். எட்டாம் படியில் இது கைகொடுக்கும்.

3. உங்கள் மனத்தை உரக்கச் சொல்லுங்கள்

முதல் இரண்டு வாரம் குழந்தையிடம் எதையும் கேட்காதீர்கள். உங்கள் தலைக்குள் நடப்பதை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

"சாவியைத் தேடுகிறேன். மேசைமேல் இருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. எங்கே வைத்தேன் என்பதை மறந்துவிட்டேன். ஆ, சட்டைப்பையில் இருக்கிறது. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது."

மனம் கண்ணுக்குத் தெரியாத பொருள். மற்ற குழந்தைகள் நம் தடுமாற்றத்தைப் பார்த்துத் தாங்களே அதை ஊகித்துக்கொள்கிறார்கள். இந்தக் குழந்தைக்கு அந்த ஊகத்தை நாம் ஒலியாக்கித் தர வேண்டும். நீங்கள் தேடும் கையும் நீங்கள் சொல்லும் நினைப்பும் ஒரே நேரத்தில் கிடைக்கும்போதுதான் இரண்டுக்கும் முடிச்சு விழும்.

இங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு, இதைப் பரீட்சையாக்குவது. "அம்மா இப்போது என்ன நினைக்கிறேன், சொல் பார்ப்போம்?" குழந்தை மௌனமாகும். கேட்டவர் திரும்பக் கேட்பார். மூன்றாம் நாள் அந்தக் குரல் கேட்டாலே குழந்தை எழுந்து போய்விடும்.

4. குழந்தையின் உடலிலிருந்து அவன் உணர்வுக்கு

அடுத்தவர் உணர்வைக் கேட்கும் முன் அவனுடைய உணர்வு அவனுக்கே எட்டுகிறதா என்று பாருங்கள். தன் உணர்வை இன்னதென்று அடையாளம் கண்டு பெயரிட முடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிச நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. தனக்குள் இருப்பது கோபமா பசியா என்று தெரியாதவர், எதிரில் இருப்பவரின் கோபத்தை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்?

தாளில் ஓர் உடலின் கோட்டுருவம் வரையுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஓடிவந்தபின், பசியில், விளையாட்டில் தோற்றபின் என்று வெவ்வேறு நேரங்களில், எந்த இடம் சூடாக, இறுக்கமாக, படபடப்பாக இருக்கிறது என்று நிறம் தீட்டச் சொல்லுங்கள். பெயர் பிறகு வரட்டும். "நெஞ்சு படபடக்கிறது, கை இறுகியிருக்கிறது. இது கோபமாக இருக்கலாம்" என்று நீங்கள் முன்மொழியுங்கள். "இருக்கலாம்" என்ற சொல் முக்கியம். குழந்தையின் உணர்வை நாம் தவறாகப் பெயரிட்டுத் திணிப்பதும் நடக்கும். மறுக்க அவனுக்கு இடம் வேண்டும்.

வெடித்து அழுதுகொண்டிருக்கும்போது இந்தத் தாளை நீட்டாதீர்கள். அடங்கி ஒரு மணி நேரமாவது ஆகட்டும்.

5. அவளுக்கு வேறு பிடிக்கும்

எளிய படி, விரைவில் கடந்துவிடலாம். இரண்டு பொம்மைகள், இரண்டு பொருள்கள். குழந்தைக்கு எது பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள். அவன் கார் என்றால், பொம்மைக்குப் பந்து பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, "பொம்மை எதை எடுக்கும்?" என்று கேளுங்கள்.

நினைப்புகள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதைவிட, விருப்பங்கள் மாறும் என்பது குழந்தைகளுக்கு முன்னதாகவே பிடிபடுகிறது. அதனால்தான் இதை முன்னால் வைத்திருக்கிறேன். குழந்தை தனக்குப் பிடித்ததையே பொம்மைக்கும் கொடுத்தால் திருத்தாதீர்கள். பொம்மை அதைத் தள்ளிவிட்டு மற்றதை எடுக்கட்டும், அவ்வளவுதான். பிறகு பொம்மைக்குப் பதிலாக வீட்டு மனிதர்களை வையுங்கள்.

6. யார் கண்ணுக்கு எது படுகிறது

ஓர் அட்டையின் ஒரு பக்கம் பூனை, மறுபக்கம் மரம் வரையுங்கள். இருவருக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்து, "நீ எதைப் பார்க்கிறாய்? நான் எதைப் பார்க்கிறேன்?" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் விளக்கிப் பேச வேண்டாம். குழந்தை எழுந்து உங்கள் பக்கம் வந்து பார்க்கட்டும். காலால் நடந்து வந்து பார்த்ததைத்தான் பின்னாளில் மனத்தால் நடந்து வந்து பார்க்கப் போகிறான்.

இது பிடிபட்டதும் இரண்டாம் நிலை. ஒரே படத்தை மேசையில் வையுங்கள். குழந்தைக்கு நேராக இருக்கும் யானை, எதிரில் இருக்கும் உங்களுக்குத் தலைகீழாக இருக்கும். இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம், ஆனால் வேறு விதமாக. முதல் நிலையைவிட இது வெகு கடினம். மற்ற குழந்தைகளிடமும் முதலாவது இரண்டு வயதையொட்டி வந்தால், இரண்டாவது நான்கு வயதையொட்டித்தான் வருகிறது. வாரக்கணக்கில் ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

அன்றாட வாழ்வில் சோதிக்க ஒரு வழி: குழந்தை தான் வரைந்த படத்தை உங்களுக்குக் காட்டும்போது எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறது? தன் பக்கமாகவே பிடித்துக்கொண்டு "பார், பார்" என்றால் இந்தப் படி இன்னும் முடியவில்லை.

7. பார்த்தவருக்குத் தெரியும், பாராதவருக்குத் தெரியாது

என் அனுபவத்தில், குடும்பத்துக்கு மிக அதிகப் பயன் தருவது இந்தப் படிதான். ஆனால் பலரும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

மூடிய பெட்டிக்குள் ஒரு பொருளை வையுங்கள். ஒரு பொம்மை எட்டிப் பார்க்கிறது, இன்னொன்று பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறதே தவிர திறக்கவில்லை. "உள்ளே என்ன என்று எந்தப் பொம்மைக்குத் தெரியும்?" விடை எதுவானாலும் காரணத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்: "சிவப்புப் பொம்மை பார்த்தது. அதனால் அதற்குத் தெரியும்." இந்த "அதனால்" விடாமல் வர வேண்டும். நமக்கு எப்படித் தெரியவருகிறது என்பதற்குப் பார்த்தது, கேட்டது, யாரோ சொன்னது என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. பார்ப்பதில் தொடங்கி மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

அடுத்து ஆட்களோடு. அண்ணன் அறைக்கு வெளியே போகட்டும். நீங்களும் குழந்தையும் ஒரு பொருளை ஒளித்துவையுங்கள். அண்ணன் திரும்பி வந்ததும் தேடத் தெரியாமல் நிற்கட்டும். குழந்தையிடம் மெல்லக் கேளுங்கள்: "அண்ணன் பார்த்தானா? பார்க்கவில்லை. அண்ணனுக்குத் தெரியுமா?" குழந்தை வாய்திறந்து இடத்தைச் சொன்னால் அதுதான் வெற்றி. சொல்லுதல் என்ற செயலுக்கே இப்போதுதான் பொருள் கிடைக்கிறது: தெரியாதவருக்குத்தான் சொல்ல வேண்டும்.

தொலைபேசியையும் பயன்படுத்துங்கள். "சாப்பிட்டாயா?" என்று மறுமுனையில் தாத்தா கேட்க, தலையை மட்டும் ஆட்டும் குழந்தை நிறைய உண்டு. "தாத்தா உன் தலையைப் பார்க்கவில்லை. அவருக்குக் காதில் மட்டும்தான் கேட்கும்" என்று சொல்லிப் பேசவைக்கலாம்.

பிறகு தினசரி வழக்கம் ஒன்றை நிறுவுங்கள். மாலையில் ஒரு தாளில் இரண்டு கட்டங்கள்: "அம்மா பார்த்தது", "அம்மா பார்க்காதது". பள்ளியில் நடந்தவை எல்லாம் இரண்டாவது கட்டத்தில்தான் போகும். அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். காயம், வலி, யாராவது அடித்தது, யாராவது தொட்டது ஆகியவற்றுக்கு அந்தக் கட்டத்திலேயே நிலையான படங்கள் வைத்துவிடுங்கள். குழந்தைக்கு வெளியில் தீங்கு நேர்ந்தால் நமக்குத் தெரியவருவதற்கான பாதையே இதுதான். முழங்கால் பையனுக்கு இந்தத் தாள் பழக ஏழு வாரம் பிடித்தது. அதன்பின் ஒருநாள் தன் விரலை இன்னொரு மாணவன் கதவில் நசுக்கியதை அவனே முதல் ஆளாகப் படத்தைத் தொட்டுக் காட்டினான்.

இந்தப் படியில் வரும் தவறு, பெரியவர்கள் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் கேட்பது. குழந்தை கீழே விழுந்ததை நீங்கள் நேரில் பார்த்துவிட்டு, "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் நீங்கள் கட்டிய விதியை நீங்களே உடைக்கிறீர்கள்.

8. தவறாக நினைத்தல்

ஒருவர் இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பி நடந்துகொள்வார் என்பதைப் புரிந்துகொள்வதுதான் இந்த ஏணியின் செங்குத்தான படி. 1985இல் வெளிவந்த ஒரு சோதனையில் ஒரு பொம்மை கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறது. திரும்பிவரும் பொம்மை எங்கே தேடும் என்று கேட்டதற்கு, ஆட்டிச நிலையிலிருந்த 20 குழந்தைகளில் 16 பேர் கோலி உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டினார்கள். மற்ற குழந்தைகளிடம் இது பொதுவாக நான்கு வயதில் கைகூடுகிறது. ஆட்டிச நிலையில் பலருக்கு மொழித்திறன் ஒன்பது வயது அளவை எட்டும்போதுதான் வருகிறது. ஆகவே இங்கே நின்றுபோனால் மொழியை வளர்ப்பதும் இதே வேலைதான்.

பயிற்சி இப்படி. பற்பசைப் பெட்டிக்குள் பற்பசைக்குப் பதில் பென்சில்களை வையுங்கள். "உள்ளே என்ன?" குழந்தை பற்பசை என்று சொல்லும். உடனே நினைப்பு மேகத்தில் பற்பசையை வரைந்து குழந்தையின் தலைக்கு மேல் பிடியுங்கள். பிறகு திறந்து பென்சில்களைக் காட்டுங்கள். "நீ பற்பசை என்று நினைத்தாய். உண்மையில் பென்சில்." மேகத்தை எடுத்துவிடாதீர்கள். தான் சற்று முன் நினைத்ததே மறந்துபோகும் வேகத்தில் உண்மை வந்து மறைத்துவிடும். அது தாளில் நிற்க வேண்டும்.

அடுத்து அக்கா உள்ளே வருகிறாள், பெட்டியைத் திறக்கவில்லை. அவள் மேகத்தில் என்ன வரையலாம்? குழந்தை பென்சிலை வரைந்தால், ஏழாம் படிக்குப் போய்க் கேளுங்கள்: "அக்கா உள்ளே பார்த்தாளா?" சோதனையின் விடையைச் சொல்லித்தராதீர்கள், அடுத்த கேள்வியைச் சொல்லிக்கொடுங்கள்.

பேச்சு வழக்கில் இதற்கு அழகான வடிவம் ஒன்று உண்டு. "வீட்டில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாலே, நினைத்தது தவறு என்பது தொக்கி நிற்கும். இந்த "நினைத்துக்கொண்டிருந்தேன்" அடிக்கடி காதில் விழட்டும்.

மேலே சொன்ன சோதனையை ஒரு பந்தோடும் இரண்டு பெட்டிகளோடும் நீங்களும் செய்து பார்க்கலாம். அப்போது கேள்வியின் சொற்களிலும் கவனம் வேண்டும். "எங்கே தேடுவாள்?" என்பதை, "எங்கே தேடினால் கிடைக்கும்?" என்று புரிந்துகொள்ளும் குழந்தைகள் உண்டு. "முதலில் எங்கே தேடுவாள்?" என்று கேளுங்கள். கூடவே "பந்து முதலில் எங்கே இருந்தது? இப்போது எங்கே இருக்கிறது?" என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். இவற்றிலேயே தடுமாறினால் பிரச்சினை நினைவாற்றலில் இருக்கிறது.

பெருந்தவறு: ஒரே இரண்டு பெட்டிகளை வைத்து மாதக்கணக்கில் ஓட்டுவது. குழந்தை "முதல் பெட்டி என்று சொன்னால் கைதட்டுகிறார்கள்" என்று கற்றுக்கொள்ளும். நானும் கைதட்டியிருக்கிறேன். ஒருநாள் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கவைத்தே பந்தை மாற்றினேன். அப்போதும் அந்தச் சிறுமி முதல் பெட்டி என்றாள். அன்றுதான் எனக்கு உறைத்தது. அப்படி ஒரு பொறியை வாரத்துக்கு ஒருமுறை வையுங்கள்.

9. உணர்வு: முதலில் காரணம், பிறகு குரல், கடைசியில் முகம்

இப்போதுதான் உணர்வுக்கு வருகிறோம். ஏனென்றால் உணர்வு பெரும்பாலும் முந்தைய படிகளின் விளைவு. விரும்பியது கிடைத்தது, மகிழ்ச்சி. கிடைக்கவில்லை, வருத்தம். கிடைக்கும் என்று நினைத்தாள், ஆனால் கிடைக்காது. கதவைத் திறக்கும் வரை அவள் மகிழ்ச்சியாக இருப்பாள். இந்தக் கடைசிக் கணக்குக்கு ஐந்தாம் படியும் எட்டாம் படியும் ஒருசேர வேண்டும். அட்டையில் தொடங்கியவர்கள் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான்.

பிறகு குரல். திரையைப் பார்க்காமல், வீட்டினர் ஒரே வாக்கியத்தை வெவ்வேறு மனநிலையில் சொல்வதைப் பதிவுசெய்து கேட்கவையுங்கள். முகத்தையும் பேச்சையும் ஒரே நேரத்தில் கவனிக்கத் திணறும் குழந்தைக்கு ஒரு வாசல் மட்டும் திறந்திருப்பது நிம்மதி.

முகத்துக்கு அச்சிட்ட அட்டைகளைவிட வீட்டினரின் வீடியோவை ஒலியில்லாமல் ஓடவிடுவது நல்லது. நிஜ முகம் அசையும், ஒரு நொடியில் மாறும். அட்டை முகம் நாடக நடிகரைப்போல உறைந்திருக்கும். "கண்ணைப் பார்" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவதை அறவே விட்டுவிடுங்கள். கண்ணோடு கண் பார்ப்பது பலருக்கு உடல்ரீதியாகவே தாங்க முடியாததாக இருக்கிறது. அதைத் தாங்குவதில் அவர்கள் கவனம் போனால் நீங்கள் சொல்வது காதில் ஏறாது.

இதோடு ஒரு மாற்றுவழியையும் கற்றுக்கொடுங்கள்: கேட்டுவிடுவது. "உங்களுக்குக் கோபமா, களைப்பா?" என்று நேராகக் கேட்பது குறுக்குவழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முகத்தைப் பார்த்துத் தவறாக ஊகிப்பவரைவிட, கேட்டுத் தெரிந்துகொள்பவர் எந்த விதத்தில் குறைந்தவர்? என்னைக் கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தை மூன்றாம் மாதத்திலேயே கொடுத்துவிடலாம்.

10. சொன்னது ஒன்று, நினைத்தது வேறு

நக்கல், விளையாட்டுக்குச் சொல்வது, மனம் நோகாமலிருக்கச் சொல்லும் பொய், ஏமாற்றச் சொல்லும் பொய். நான்கிலும் வாயில் வருவது ஒன்று, மனத்தில் இருப்பது இன்னொன்று. நோக்கம்தான் அவற்றைப் பிரிக்கிறது. "நான் நினைப்பதாக அவள் என்ன நினைக்கிறாள்" என்ற இரண்டாம் அடுக்கு இதற்குத் தேவை. மற்ற குழந்தைகளுக்கே ஆறு, ஏழு வயதில்தான் அது உருவாகிறது.

இதற்கு வரைவதுதான் வழி. நடந்துபோன ஒரு சம்பவத்தைக் கோட்டு மனிதர்களாக வரைந்து, பேசியதை ஒரு நிறத்திலும் நினைத்ததை வேறு நிறத்திலும் எழுதுங்கள். அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1994இல் வகுத்த முறையைத் தழுவியது இது. "ஆகா, என்ன வேகம்!" என்று நண்பன் சொன்னது நீலத்தில், "மிக மெதுவாக ஓடுகிறான்" என்று நினைத்தது பச்சையில். இரு நிறமும் பொருந்தாத இடத்தில் குழந்தை தானே நின்றுவிடும். பேனாவைக் குழந்தையிடம் கொடுங்கள். அவன் எழுதும் பச்சையைப் பார்த்தால், அந்தச் சம்பவத்தை அவன் என்னவென்று எடுத்துக்கொண்டான் என்பது பலமுறை உங்களைத் திகைக்க வைக்கும்.

வளரிளம் பருவத்தினருக்கு இங்கே பாதுகாப்பும் சேர்கிறது. கெட்ட நோக்கத்தை முகத்தில் படிப்பது எல்லோருக்கும் கடினம். அதனால் ஊகத்தை நம்பாமல் விதியைக் கொடுங்கள்: "யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை அன்றே அம்மாவிடம் சொல்ல வேண்டும்." "உன்னைத் தோழன் என்று சொல்லிவிட்டு உன் பொருளை மட்டும் கேட்பவரைப் பற்றி வீட்டில் பேச வேண்டும்."

11. மேசையிலிருந்து வெளியே கொண்டுபோவது

1990களின் நடுவிலேயே தெரியவந்த உண்மை ஒன்று உண்டு. இந்தப் பாடங்களைப் பயின்ற குழந்தைகள் சோதனைகளில் தேறினார்கள். ஆனால் அன்றாட உரையாடலில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மேசையில் தேறியது மேசையிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு படியையும் குறைந்தது மூன்று ஆட்களோடு, மூன்று இடங்களில், பொம்மை இல்லாமல் செய்து பார்த்தபின்தான் அடுத்ததற்குப் போங்கள். குறிப்பேட்டில் விடைகளின் மதிப்பெண்ணை எழுதாதீர்கள். யாரும் கேட்காமல் குழந்தை தானாக ஒன்றைச் சொன்ன, காட்டிய தருணங்களை மட்டும் தேதியோடு எழுதுங்கள். இரண்டு மாதமாக அந்தப் பக்கம் காலியாக இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

ஏற்கெனவே இருந்த பேச்சோ திறனோ குறைந்துகொண்டே போனாலும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலும், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

12. சுற்றியிருப்பவர்களுக்கான பாடம்

இதைக் கடைசியில் எழுதினாலும், முதல் நாளிலிருந்தே கூடவே நடக்க வேண்டிய வேலை இது.

புரியாமை ஒருவழிப் பாதையில்லை. ஆட்டிச நிலையில் இருப்பவரின் முகத்தையும் மௌனத்தையும் நாமும் தவறாகத்தான் படிக்கிறோம். தானும் ஆட்டிச நிலையாளரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் இதற்கு இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று பெயர் கொடுத்தார். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தகவலைக் கடத்தச் சொன்னபோது, ஆட்டிச நிலையில் இருப்பவர்கள் மட்டுமே கொண்ட வரிசை மற்றவர்கள் மட்டுமே கொண்ட வரிசைக்கு இணையாகக் கடத்தியது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் தகவல் அதிகம் சிந்தியது.

அதனால் வீட்டினரிடமும் வகுப்பாசிரியரிடமும் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். நான் கொடுப்பதில் இருப்பவை இவைதான். "கதவு திறந்திருக்கிறது" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். "கதவைச் சாத்து" என்று சொல்லுங்கள். கோபமாக இருந்தால் கோபம் என்றும், எதனால் என்றும் வாயால் சொல்லுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் கண்டுபிடிக்கக் காத்திருக்காதீர்கள். கேலி செய்தால் உடனே "இது விளையாட்டுக்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பதில் வர பத்து வினாடி கொடுங்கள். அவன் உங்களைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

தாளின் கீழே கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறேன். மூன்று மாதம் கழித்து, குழந்தையைப் பற்றித் தாங்கள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தது எது என்று ஒவ்வொருவரும் அதில் ஒரு வரி எழுதித் தர வேண்டும். தாத்தாக்களும் பாட்டிகளும்தான் பெரும்பாலும் முதலில் எழுதித் தருகிறார்கள்.